காய்ச்சல் விட்ட நாள்

“எந்திரிச்சா செத்துருவே. புரியுதா?” என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஆர்தர்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த உடையப்பன், லயத்து வீட்டுக் கட்டிலில் கிடந்தபடி சிரித்தான். “ஒண்ணுக்குக்கூடவா, ஐயா?”

“அதுக்கும் டப்பாதான்.” அவன் மனைவி கங்காவின் பக்கம் திரும்பினார். “இருதயத்துல ஒரு பக்கம் சதை செத்துப்போச்சும்மா. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுங்க அங்க கூடி, செத்ததை அரிச்சு எடுக்கும். அப்புறந்தான் தழும்பு கட்டும். ஒன்றரை மாசம் அசையக் கூடாது.”

மறுநாள் உடம்பு கொதித்தது. கங்கா பதறி ஓடினாள்.

“அணுங்க வேலை செய்யுது, அதான் காய்ச்சல். பயப்படாதே லா” என்றார் ஆர்தர்.

அதன் பிறகு புருஷனின் நெற்றி சுட்டால் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரமே புக்கிட் ரோத்தான் சாலையில் காட்டுக்காரர்கள், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள், ஒரு லோரியைச் சுட்டார்கள். ராணுவம் வந்து லயத்து வேலிக்கதவைப் பூட்டியது. உள்ளே வரவும் வெளியே போகவும் தடை. டிரசர் வெளியே மாட்டிக்கொண்டார்.

காய்ச்சல் விட்டது.

“அப்புறம் என்ன, தலைக்குத் தண்ணி ஊத்து” என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி. காய்ச்சல் விட்டால் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி ரசஞ்சோறு போடாத வீடு அந்த லயத்தில் இல்லை.

“ஒன்றரை மாசம்னாரே அக்கா?”

“அணு வேலை செஞ்சாத்தானே காய்ச்சல்? இப்ப எங்க காயுது?”

“சீக்கிரமே முடிச்சிட்டானுங்க போல. வேலை வாங்க நல்ல மண்டோர் கிடைச்சிருக்கான்” என்றான் உடையப்பன். “ஊத்து புள்ள. என் நாத்தம் எனக்கே தாங்கல.”

குழாயடி வரை அவனே நடந்தான். வெந்நீர் பட்டதும் முகம் மலர்ந்தது. சொம்பைப் பிடுங்கித் தானே ஊற்றிக்கொண்டான். துவட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

கங்கா வேலிக்கு ஓடினாள். காவலுக்கு நின்றவன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். டிரசரைக் கூப்பிடச் சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். யாரும் போகவில்லை.

காலையில் கதவு திறந்தது. ஆர்தர் வந்தபோது உடையப்பனின் தலைமுடியில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

“காய்ச்சல் விட்டுருச்சேய்யா... வேலை முடிஞ்சிருச்சுன்னுதானே...” என்றாள் கங்கா.

செத்த சதையை அரித்து எடுத்த பிறகு, தழும்பு இறுகும் வரை இருதயச் சுவர் மெலிந்துதான் கிடக்கும். காய்ச்சல் விடுகிற சமயமும் அதுதான். ஆர்தர் அதை அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் லெட்சுமி, முந்தின நாள் வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சிய அதே அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

“குளிப்பாட்டலாங்களா, ஐயா?” என்று கேட்டாள்.

அவர் சரியென்று தலையாட்டினார்.