பேச்சியம்மாள் வீட்டுக் கதவு

பேச்சியம்மாள் வீட்டுக் கதவுக்கு வாய் அதிகம். திறந்தால் ஒரு கீச், மூடினால் அதைவிடப் பெரிய கீச். அவள் மருமகள் எப்போது வெளியே போகிறாள், எப்போது வருகிறாள் என்று தெரிந்துகொள்ள தாராவியின் அந்தச் சந்தில் யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சியம்மாளும் அந்தத் தைரியத்தில்தான் மதியம் காலை நீட்டித் தூங்குவாள்.

இன்று மருமகள் பூமாரி அந்தத் தைரியத்திலேயே கை வைத்தாள்.

வடாலா ஆர்.டி.ஓ. ஆபீசில் அவளுக்கு ஆட்டோ லைசென்ஸ் டெஸ்ட். இன்றைக்குப் போகாவிட்டால் கையிலிருக்கும் பழகுநர் லைசென்ஸ் காலாவதி, எல்லாம் முதலிலிருந்து. புருஷன் இசக்கிதுரைக்கு விஷயம் தெரியும். தெரிந்து என்ன? அம்மாவிடம் சொல்ல வேண்டிய நாளில் தோல்பைப் பட்டறைக்கு விடியுமுன்பே ஓடிப்போன வீரன் அவன். தெருவில் ஒருத்தி ஆட்டோ ஓட்டிப் போனதைப் பார்த்தே, "இவளுக்கெல்லாம் வீட்ல ஆளே இல்லியா?" என்று கேட்டவள் பேச்சியம்மாள்.

போன வாரம் பூமாரி கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாள். அது அழுக்கோடு சேர்ந்து பிசினாகி, கதவு இன்னும் உரக்கக் கத்தியது. இன்று தையல்கடை தாஹிரிடம் மெஷின் எண்ணெய் வாங்கி இடுப்பில் செருகியிருந்தாள்.

மாமியாரின் குறட்டை ஏறியதும் மண்ணெண்ணெய்த் துணியால் கீலைத் துடைத்தாள். அந்த வாடைக்குப் பேச்சியம்மாள் மூக்கைச் சுருக்கிப் புரண்டாள். பூமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குறட்டை திரும்பி வந்தது.

கதவின் பாரம் கீலில் விழாமல் இருக்க, அடியில் கால் பெருவிரலைக் கொடுத்து நெம்பிக்கொண்டு சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். விரல் நசுங்கியது. கத்தவா முடியும்? மெல்ல அசைத்தாள். ஒரு முனகல். இன்னும் ஒரு சொட்டு. பிறகு சத்தமே இல்லை.

காகிதங்கள் அக்குளில், செருப்பு கையில். ஒரு கால் வாசலுக்கு வெளியே.

"அல்லாவே! பேச்சியக்கா, ஒங்க வூட்டுக் கதவு சத்தமே இல்லாம தொறக்குது! பூமாரி செருப்பக் கையில தூக்கிட்டு எங்க போறா?"

எதிர்வீட்டு ருக்சானா. அவள் குரலுக்கு எந்தக் கதவும் ஈடில்லை. சந்து முழுக்கத் தலைகள் நீண்டன.

குறட்டை நின்றது. பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். செருப்பையும் காகிதத்தையும் பார்த்தாள்.

"எங்கட்டி?"

பூமாரி காகிதங்களை அக்குளில் இன்னும் இறுக்கினாள். "வடாலாக்கு, அத்தே. ஆட்டோ டெஸ்டுக்கு."

பேச்சியம்மாளின் முகம் இறுகியது. அதற்குள் ருக்சானா வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னக்கா, ஒங்களுக்கே தெரியாதா? ஒங்களக் கேக்காமயா கெளம்பிட்டா?"

மருமகள் ஆட்டோ ஓட்டுவதைக்கூட விழுங்கிவிடலாம். தனக்குத் தெரியாமல் தன் வீட்டில் ஒன்று நடக்கிறது என்று சந்து பேசுவதை எப்படி விழுங்குவது? பேச்சியம்மாள் கொண்டையை இறுக்கிக் கட்டினாள்.

"தெரியாம என்ன? நாந்தான் போவச் சொன்னேன். நான் தூங்குதேன்னு புள்ள சத்தங்காட்டாமப் போவுது. ஒனக்கு எங்க எரியுது?" பூமாரி பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். "நிக்கியே, கெளம்புட்டி! பெயிலாகிட்டு மட்டும் வந்துராத. பொறவு இவ மூஞ்சில நான் முழிக்க முடியாது."

பூமாரி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். மாமியார் மனம் மாறுவதற்குள் ரோட்டைப் பிடித்துவிட வேண்டும். சந்து திரும்பும்போது பேச்சியம்மாளின் குரல் காதில் விழுந்தது. மருமகளை ஆட்டோ பழகச் சொன்னதே தன்னுடைய யோசனைதான் என்று ருக்சானாவுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.