புகை ஆகாது

மெஹர் சிங்கின் மருந்துக்கடைக்கு வந்து இருமிக் காட்டாத குடும்பம் காபூலில் குறைவு. ஊரின் நெஞ்சுச் சளியையெல்லாம் அதிமதுரமும் சோம்பும் வைத்தே கரைத்த மனுஷன். அரசாங்கங்கள் வந்தன, போயின. ராக்கெட் விழுந்த வாரங்களிலும் கடை திறந்திருந்தது. ஹக்கீம் லாலா, அதாவது சீக்கிய வைத்தியர், என்றால் குழந்தைகூட வழி காட்டும். அவர் ஒரு கோடைக் காலையில் கண்ணை மூடினார். மகன் சுர்பீர் சிங்குக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தாத்தாவை எரித்த இடத்தில் அப்பாவையும் எரிக்க வேண்டும்.

சுடுகாடு ஊரின் தெற்கு ஓரத்தில் இருந்தது. தாத்தா காலத்தில் சுற்றிலும் வெறும் பொட்டல். சண்டைகளுக்குப் பிறகு வீடுகள் முளைத்து மதில்வரை வந்து ஒட்டிக்கொண்டன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

சுர்பீரும் குருத்வாராவிலிருந்து வந்த உறவினர் மூவரும் பாடையைத் தூக்கி வந்தார்கள். பின்னால் விறகு வண்டி. சுடுகாட்டு வாசலை மறித்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது. சில கைகளில் கல். துணைக்கு வந்த போலீஸ்காரர் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தபடி ஒதுங்கிக்கொண்டார். சுர்பீர் முகங்களைப் பார்த்தான். பாதிப் பேருக்கு அவன் கையாலேயே பொட்டலம் மடித்துக் கொடுத்திருக்கிறான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹாஜி நசர் குல் வந்தார். அந்தப் பகுதிக்குப் பெரிய மனிதர், ஆஸ்துமாக்காரர், கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். பாடையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் சுர்பீருக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்க அப்பா மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும், தம்பி. ஆனா இங்க எரிக்காதே."

"எங்க தாத்தாவ இங்கதான் எரிச்சோம், ஹாஜி சாயிப்."

"அப்ப வீடு இல்ல. இப்ப புள்ளகுட்டியோட இருக்கோம். என் நெஞ்சு தாங்காதுப்பா. புகை பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னதே உங்க அப்பாதான். நீயும் பக்கத்துலதானே நின்னே?"

நின்றிருந்தான். "ரொட்டி அடுப்புகிட்டகூட உக்காராதீங்க ஹாஜி" என்று அப்பா கண்டித்தது காதிலேயே இருந்தது. தன் வாயாலேயே தன் சிதையை அணைத்துவிட்டுப் போயிருந்தார் மனுஷன்.

"பேசாம புதைச்சிடேன்," என்றார் ஹாஜி. "குழி நாங்க வெட்டுறோம். ஊரே வந்து நிக்கும்."

"நாங்க புதைக்கறதில்ல."

"அப்ப ஜலாலாபாத்துக்குக் கொண்டுபோ. அங்க உங்க ஆளுங்க சுடுகாடு இருக்கே. வண்டி நான் பிடிச்சுத் தர்றேன்."

"வழியெல்லாம் சண்டை நடக்குது. இந்த வெயில்ல போய்ச் சேர்றதுக்குள்ள உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அல்லா பாத்துப்பான்."

பின்னாலிருந்து ஒருவன், "லாலா, விறக எறக்கித்தான் பாரேன்," என்றான். சொல்லி முடிப்பதற்குள் ஒரு கல் வந்து பாடையில் விழுந்தது. போர்த்தியிருந்த துணிமேல், நெஞ்சுக்கு நேராக. தன் மண்டை உடைந்திருந்தால் சுர்பீர் நின்றிருப்பான். செத்த உடம்பு அடி வாங்குவதைப் பார்க்க முடியவில்லை.

"வண்டியக் கூப்பிடுங்க," என்றான்.

அவ்வளவுதான், கற்கள் கீழே விழுந்தன. வாசலை மறித்த அதே ஆட்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார்கள். நல்ல மனுஷனின் பாடைக்குத் தோள் கொடுப்பது புண்ணியமாயிற்றே, யார் விடுவார்கள்? "என் மகளைப் பிழைக்க வச்சவரு" என்று ஒருவன் வாய்விட்டு அழுதான். உறவினர்கள் மூவரையும் தள்ளிவிட்டு ஆளாளுக்குக் கொம்பைப் பிடித்தார்கள்.

"நீ களைச்சுப் போயிருப்பே, நகரு தம்பி," என்று ஹாஜி அவனையும் அன்பாக விலக்கினார்.

தோள் மாற்றித் தோள் மாற்றி, தெருமுனையில் வந்து நின்ற ஜலாலாபாத் வண்டிவரைக்கும் மெஹர் சிங்கை ஊரே சுமந்துபோய் ஊரை விட்டு அனுப்பியது. பெற்ற மகனின் தோளுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.