மடியில் வந்த கம்ப்யூட்டர்

எங்க மொதலாளி சபாபதிக்கு உரக்கடை ரெண்டு. பெருசு கடலூர்ல, சின்னது சிதம்பரத்துல. ரெண்டு கடையோட பில்லு, சரக்கு இருப்பு எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் புரோகிராம்ல இருக்கு. அது கடலூர் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். சிதம்பரத்துக் கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணு தொறக்காது, இல்லாட்டி தமிழ் எழுத்து அத்தனையும் கட்டம் கட்டமா நிக்கும்.

அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியையே துணியில சுத்தி, மடியில வச்சு, பஸ்ஸுல சிதம்பரத்துக்குக் கொண்டு போவேன். சாயங்காலம் திருப்பிக் கொண்டாருவேன். அதுக்கு முன்ன குடோன்ல மூட்டை எறக்குனவன் நான். இடுப்பு போயிடுச்சு. இனிமே மூட்டை தூக்குனா நடக்க முடியாதுன்னு டாக்டர் சொன்ன பிறகு கெடச்ச வேலை இது. பொட்டி ஒரு கைக்குழந்தை கனம்தான்.

எழுத்து, நான் தலை நரைச்ச பிறகு முதியோர் வகுப்புல கத்துக்கிட்டது. எதப் பாத்தாலும் வாய்விட்டுத்தான் படிக்க வரும். பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து போர்டு போர்டா படிச்சிக்கிட்டே வருவேன். கண்டக்டர் சுப்புராயன், எனக்கு மச்சான் மொறை, கத்துவான்.

"மாமா, ஸ்டாப்பிங் பேரெல்லாம் நீயே சொல்லிட்டா எனக்கு இன்னா வேலை? மொதல்ல அந்தப் பொட்டிக்கு டிக்கெட்ட எடு."

"கைக்குழந்தைக்கு ஏது மச்சான் டிக்கெட்டு?"

போன மாசம் புரோகிராம் எழுதுற பொண்ணு வினோதினி கடலூர் கடைக்கு வந்துச்சு. நாள் பூரா உக்காந்து என்னென்னமோ மாத்துச்சு.

"இந்தப் புரோகிராம் தன்னோட கணக்கு இந்தப் பொட்டியில ஒரே எடத்துலதான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்துச்சுண்ணே. இப்ப எங்க கொண்டு வச்சாலும் பக்கத்துலயே தேடிக்கும். எழுத்தையும் கூடவே கட்டிக் குடுத்துட்டேன்"னு சொல்லிச்சு.

மொதலாளிக்கு சந்தோஷம். "சிதம்பரத்துலயும் ஓடிட்டா உனக்கு அலைச்சல் மிச்சம், ராஜவேலு. குடோனுக்கே வந்துடு"ன்னாரு. என் இடுப்பு அவருக்கு ஞாபகம் இல்ல. நானும் சொல்லல.

மறுநாள் ஒரு பென் டிரைவ மட்டும் குடுத்து அனுப்புனாங்க. சட்டைப் பையிலயே கெடந்துச்சு. கட்டமாத்தான் வருதுன்னு சொல்லிடறதுன்னு பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டேன். சிதம்பரம் கடையில பில்லு போடுற கலைமணி டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வர்றதுக்குள்ள உருவிட்டா ஆச்சு.

வினோதினி போன்ல சொல்லச் சொல்ல, சொருகி, அமுக்கச் சொன்னத அமுக்குனேன்.

"அண்ணே, என்னா வருது?"

திரை வெள்ளையாச்சு. அப்பறம் எழுத்து வந்துச்சு.

"வா... டி... வாடிக்கை... யாளர் பெயர். சரக்கு... இரு... இருப்பு."

"சூப்பர்ண்ணே! நீங்க படிக்கிறது இங்க கேக்குது! வந்துடுச்சு பாருங்க!"

என் வாய் ஓடுனது அப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

"வந்துடுச்சும்மா"ன்னேன்.

சாயங்காலம் திரும்புறப்ப சுப்புராயன் என் மடியப் பாத்தான்.

"எங்க மாமா புள்ள?"

"அதுக்கு நடக்க வந்துடுச்சு மச்சான்."

சிரிச்சிக்கிட்டே முன்பக்கம் போயிட்டான். விடிஞ்சா குடோன்ல யூரியா லாரி நிக்கும். கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம மடியிலயே வச்சிருந்தேன். புதுச்சத்திரம் போர்டு வந்துச்சு. வாய இறுக்கி மூடிக்கிட்டுப் படிச்சிப் பாத்தேன். முடியல.