ஒரே துணியில் ஏழு பேர்

மே மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். பூந்தமல்லியில் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. அவருடைய அண்ணன் குடும்பம் பெங்களூரிலிருந்தும் தம்பி குடும்பம் திருச்சியிலிருந்தும் வந்து பத்து நாள் தங்கும். மூன்று அறை வீட்டில் பத்தொன்பது பேர். காலையில் குளியலறைக்கு வரிசை, இரவில் மொட்டைமாடியில் பாய். இந்த வருடம் குழந்தைகள் மட்டும் ஏழு பேர்.

அவர்கள் வருவதற்கு முன்பே துணி தயாராகிவிடும். அளவுகள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அத்தா ஒரே ரோலிலிருந்து எல்லாருக்கும் வெட்டுவார். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன். இந்த வருடம் கிளிப்பச்சை காட்டனில் வெள்ளைக் குடைகள். வெளியே போகும் நாளில் எல்லாக் குழந்தைகளும் அதைத்தான் போட வேண்டும். கூட்டத்தில் முகம் முகமாகத் தேட வேண்டியதில்லை, துணியை எண்ணினால் போதும் என்பார். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் எண்ணுகிறோம். ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை.

அந்த வாரம் எனக்கு வேறொரு கவலை இருந்தது. நுண்ணுயிரியலில் பி.எஸ்சி. முடித்திருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடம் என்னை வேலைக்கு எடுத்திருந்தது. முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தா பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பிறகு பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது பேச்சு அதற்கு வந்தது. அத்தா எல்லோருக்கும் என் பஸ் கதையைச் சொன்னார். வடபழனியில் கல்லூரி விட்டு வந்தவள் போரூரில் இறங்கிக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக வேண்டும். படியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வழி விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐயப்பன்தாங்கல் டெப்போ வரை போய்விட்டேன். கதை உண்மைதான்.

"டெப்போல வண்டிய கழுவுற வரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பா" என்றார் அத்தாவின் தம்பி ஜுல்ஃபிகர் சச்சா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தா சிரிப்பை முதலில் நிறுத்தினார். "விடியக்காலைல தனியா போகணும் ஜோயா. வழியில ஒண்ணுன்னா நாலு பேர்கிட்ட கேக்கணும். நீ கேப்பியா?"

பதில் சொல்ல நான் யோசித்தேன். யோசித்ததே பதிலாகிவிட்டது.

மறுநாள் இரவு நாற்பது பேருக்கு விருந்து இருந்தது. குழந்தைகள் வீட்டில் இருந்தால் வேலை ஆகாது என்று பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வழக்கமாகக் கூட்டிப்போவது சச்சாதான். ஆனால் காலையில் மாடியில் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடிக் கால் சுளுக்கிக்கொண்டார். சமையலறையிலிருந்து யாரையும் பிரிக்க முடியாது. குடைத்துணி போட்ட ஏழு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜரினா அக்கா நிமிர்ந்தாள். பெரியத்தாவின் மகள். அவளுடைய ரூஹிக்கு ஐந்து வயது, ஏழு பேரில் கடைசி. "ஏழு பேரையுமா?" என்று கேட்டாள்.

"ஏழு பேரையும்."

அத்தா எங்கள் பக்கம் திரும்பினார். "சரி. ஏழு பேரையும் ஒழுங்கா கூட்டிட்டு வா. இன்னிக்கே லேபுக்கு எழுதிடு, வரேன்னு."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். பிள்ளைகளுக்கும் கேட்டது.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஆவடி பஸ்ஸில் ஏறும்போது எண்ணினேன், இறங்கும்போது எண்ணினேன். ஏழு. பூங்காவில் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஒரு நீர்க்காகம் கல்லின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகில் தண்ணீர் ஊறும், அதனால்தான் இப்படி உலர்த்துகிறது என்று சொன்னேன். சச்சாவின் மகன் ஃபஹீம் அதைப் போலவே கையை விரித்து நின்றான். பதினோரு வயதில் அவன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன்.

கேட்டுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு புங்கமரத்தில் முசுறு எறும்புகள் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தன. ஒரு வரிசை இலையை இழுத்துப் பிடித்தது. இன்னொரு வரிசை வாயில் புழுக்களைக் கவ்விக்கொண்டு, அவை விடும் நூலால் ஓரத்தை ஒட்டியது. புழுக்கள் அவற்றின் சொந்தக் குஞ்சுகள் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. மற்றவர்கள் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டார்கள். ரூஹி மட்டும் நின்றாள்.

எப்போது தைத்து முடிக்கும் என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்றேன். அது எனக்குத் தெரியாது. அவளை அங்கிருந்து நகர்த்துவதற்காகச் சொன்னேன்.

ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். கேட் வாசலில் தண்ணீர் குடித்தார்கள். அப்போதே பூந்தமல்லி பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் படிக்குப் பக்கத்தில் நின்று ஏறுகிற துணியை எண்ணினேன். முழங்கைகளுக்கும் பைகளுக்கும் நடுவில் குடை, குடை, குடை. ஏழு ஏறியதும் நானும் ஏறினேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

பஸ் போய்க்கொண்டிருந்தது. ஃபஹீமும் மூன்று பேரும் கம்பியைப் பிடித்து நின்றார்கள். இரண்டு பேர் ஜன்னலோரம். ஏழாவது குடைக் கவுன், முன் வரிசையில் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. ரூஹிக்கு அந்தப் பழக்கம் உண்டு, யார் மடியிலும் ஏறுவாள். மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போய்த் தோளைத் தொட்டேன்.

குழந்தை திரும்பியது. ரூஹி இல்லை.

"இன்னா பாப்பா, எங்க ஊட்டுக் கொயந்தைய இயுக்கிறே?" என்றாள் அந்தப் பெண்.

இந்தத் துணி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. பூந்தமல்லியில் பாய் கடையில், ரோலில் மிச்சமாக இருந்ததை வாங்கித் தைத்ததாகச் சொன்னாள். அத்தாவின் கடை.

பிறகு கணக்கு தெளிவாக வந்தது. பஸ்ஸில் ஏறியவை எட்டு அல்ல, ஏழு. அந்த ஏழில் ஒன்று இது. ரூஹி பூங்காவில் இருக்கிறாள். பஸ் கிளம்பி ஐந்து நிமிடம்.

"வண்டிய நிறுத்துங்க!"

என் குரலை நான் அந்த அளவில் கேட்டதில்லை. ஸ்டாப் இன்னும் வரவில்லை என்று கண்டக்டர் ஆரம்பித்தார். "என் குழந்தை ஒண்ணு பார்க்குலயே நின்னுடுச்சு. இப்பவே நிறுத்துங்க" என்றேன். அவர் விசில் ஊதினார்.

அந்தப் பெண், முத்தம்மாள் என்று பெயர் சொன்னாள், என் கையைப் பிடித்தாள். "இந்த ஆறையும் எங்கிட்ட வுட்டுட்டுப் போ. பூந்தமல்லி ஸ்டாண்டுல ஒக்காந்துகினு இருக்கேன். தனியா போனா சீக்கிரம் ஓடுவே."

நல்ல மனசோடுதான் சொன்னாள். தனியாகப் போனால் வேகம் என்பதும் சரி. "வேணாங்க. இனிமே யாரையும் எங்கயும் விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றேன்.

ஆறு பேரையும் இறக்கினேன். இந்த முறை துணியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பெயர் சொன்னேன், அவர்கள் ஆம் என்றார்கள். ஃபஹீமின் கையைச் சின்னவர்கள் கையோடு கோத்தேன். சாலையின் நடுவில் போய் இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றேன். ஒரு தண்ணீர் லாரி நின்றது. பின்னால் எல்லாம் நின்றன. கடந்தோம்.

எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோ வந்தது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, இறங்கி அடுத்ததில் வருகிறீர்களா என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். அவ்வளவுதான். கேட்டால் இறங்குகிறார்கள்.

ஆட்டோவில் ஒரு சின்னவள் அழ ஆரம்பித்தாள். ரூஹியை யாராவது தூக்கிப் போயிருப்பார்களா என்று கேட்டாள். நான் யோசித்தேன். ஏரிக்கரை, ஊஞ்சல், தண்ணீர்க் குழாய், கேட். ஐந்து வயதுக் குழந்தை தொலைவதற்காகப் போகாது, எதையாவது பார்க்கப் போகும். அவள் கடைசியாகக் கேட்ட கேள்வி எது?

கேட்டில் இருந்த காவலரிடம் நேராகப் போனேன். பச்சைக் கவுன், ஐந்து வயது, பெயர் ரூஹி, யாரோடும் வெளியே விட வேண்டாம் என்றேன். ஆறு பேரையும் அவர் பார்வையில் சுவரோரம் உட்காரவைத்து, நான்கு எட்டில் அந்தப் புங்கமரத்துக்குப் போனேன். அங்கிருந்தும் ஆறு பேரும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

ரூஹி மரத்தடியில் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் முடிக்கல" என்றாள் என்னைப் பார்த்து. நாங்கள் போனதே அவளுக்குத் தெரியாது.

அவளைத் தூக்கினேன். அவள் கணுக்காலில் இரண்டு முசுறு கடித்துச் சிவந்திருந்தது. மரத்தில் சாய்ந்து பத்து வரை எண்ணினேன். பிறகு கைபேசியைப் பார்த்தேன். அவள் தனியாக இருந்தது இருபத்திரண்டு நிமிடம்.

திரும்பும் பஸ்ஸில் ஃபஹீம் என் பக்கத்தில் வந்து நின்றான். எல்லாரிடமும் பேசிவிட்டு வந்திருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. "அக்கா, நாங்க யாரும் சொல்ல மாட்டோம். ரூஹிக்கே தெரியாது. எறும்பு கடிச்சதுன்னு மட்டும் சொல்லிக்கலாம்."

நல்ல ஏற்பாடு. ஏழு பேரும் ஒழுங்காகத்தான் வீடு வந்துகொண்டிருந்தார்கள். அத்தா கேட்டது அதுதான். வீடு வரும் வரை அதை மனதில் வைத்துப் பார்த்தேன். அந்த வேலையில் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று நேர்முகத்தில் சொல்லியிருந்தார்கள். பரிசோதனைக்கு வந்த மாதிரி கெட்டுப்போனால் கெட்டது என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். எனக்கு அது கஷ்டமாகத் தோன்றியிருக்கவில்லை.

வீட்டில் விரிப்பு போட்டு, நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகள் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். எப்படி இருந்தது என்று சச்சா கேட்டார். ஃபஹீம் சூப்பர் என்றான்.

"ரூஹிய பார்க்குலயே விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்" என்றேன். "இருபத்திரண்டு நிமிஷம் தனியா இருந்தா. திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

நான் உட்காராமல் முழுவதையும் சொன்னேன். பஸ்ஸில் எண்ணியது, முத்தம்மாளின் மகள், லாரி, ஆட்டோ, மரம். ஜரினா அக்கா ரூஹியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை ரூஹியின் தலையிலிருந்து கால் வரை தடவிக்கொண்டே இருந்தது.

அத்தாவின் முகம் மாறியது. "அந்த ரோல்ல மூணு மீட்டர் மிச்சம் இருந்துச்சு. வியாழக்கிழமை நான்தான் வித்தேன்" என்றார் மெதுவாக.

"துணி மேல தப்பு இல்ல அத்தா. முகத்தப் பாக்காம எண்ணினது நான்."

ஜரினா அக்கா என்னைப் பார்த்தாள். "இருபத்திரண்டு நிமிஷம்" என்றாள். "ஏரி பக்கத்துல."

"ஆமாங்கா."

அவள் கோபம் அவளுடையது, அதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. அதை அத்தாவைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க சொன்ன மாதிரி ஒழுங்கா கூட்டிட்டு வரல. ஆனாலும் லேபுக்கு வரேன்னு எழுதப் போறேன். தப்பு பண்ணினா எனக்குக் கேக்கத் தெரியுது, நிறுத்தத் தெரியுது. இன்னிக்குப் பாத்துட்டேன்."

அத்தா விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். பிறகு ஆறு மணி ஷிஃப்டுக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டார். நாலே முக்கால் என்றேன். முதல் வாரம் ஸ்டாண்டு வரை வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சரி, இரண்டு நாள் என்றார்.

விருந்து முடியும் வரை ஜரினா அக்கா என்னோடு பேசவில்லை. தட்டுகளைக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்ப சேரணும்?"

"ஒண்ணாந்தேதி."

"நாங்க போக இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுக்குள்ள என் போன் நம்பர அவளுக்கு மனப்பாடம் பண்ணி வை. நான் சொன்னா ஓடிடறா. நீ சொன்னா உக்காந்து கேக்கறா."

கையைத் துடைத்துக்கொண்டு போய் மின்னஞ்சலை அனுப்பினேன். மூன்று வரிதான். பிறகு ரூஹியைத் தேடிப் பிடித்துப் படிக்கட்டில் உட்காரவைத்தேன். முதல் நான்கு எண்களைச் சரியாகச் சொன்னாள். ஐந்தாவதில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.