பொட்டு வைத்த டிஸ்கெட்டுகள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கடையில் டிஸ்கெட் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் சந்தன வாசம் அடித்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்கெட்டின் பின்பக்கமும், நடுவில் உள்ள உலோக வட்டத்தில், நெற்றியில் வைப்பதுபோல் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தது. காய்ந்த பொடி பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்தது.

எங்கள் முதலாளி இராதாகிருஷ்ணனுக்குக் கிள்ளானில் லோரி உதிரிச் சாமான் கடை. வரி அலுவலகத்தில் ஏழு வருடத்து பில்களைக் கேட்பார்கள் என்பதால், கரையான் தின்றது போக மிஞ்சிய காகிதங்களை எல்லாம் நான்தான் ஸ்கேனரில் எடுத்து டிஸ்கெட்டுகளில் சேர்த்தேன். கம்ப்யூட்டரில் அவ்வளவுக்கும் இடமில்லை. முடித்ததும் முதலாளி காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். "இனிமே கரையான் இரும்பத்தான் தின்னணும்" என்று சிரித்தார்.

இன்று வரி அதிகாரி வருகிறார். பில் காட்ட முடியாத சாமானை நாங்கள் வாங்கியதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விற்ற காசு முழுதும் லாபம் என்று வரி போடுவார்கள். அதைக் கட்டினால் கடை நிற்காது. கடை போனால் அப்பா என்னைத் தெலுக் பங்லிமா காராங்கில் ஏதாவது தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்தே மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். அத்தனை பேர் நடுவில் என்ன செய்வேன்?

"அக்கா, இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நான்தான்" என்றார் முதலாளியின் மனைவி சீதாலெட்சுமி அக்கா. "முன்னெல்லாம் கணக்குப் புக்குக்கு வப்போம். இப்ப கணக்கு இதுலதானே இருக்கு? பொட்டு வைக்கன்னே வட்டமா வேற செஞ்சு வச்சிருக்கான்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "என்ன பேச்சு? வரி ஆபீஸ் அம்மா வர்ற நேரம். பிரிண்ட் எடு."

ஒன்றை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்து மெஷினில் போட்டேன். கறக், கறக் என்று சத்தம் வந்தது. படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

"அடுத்தத போடு."

அதுவும் கறக் என்றது. வெளியே எடுத்து, தகட்டை விலக்கி உள்ளே பார்த்தேன். கறுப்பு வட்டில் வெள்ளை நூல் சுற்றியதுபோல் ஒரு கீறல். பொடி மெஷினுக்குள் போய்விட்டது. இனி எதைப் போட்டாலும் கீறும்.

"நகரு. உனக்குப் போடத் தெரியல லா." முதலாளி மூன்றாவது டிஸ்கெட்டைக் கையில் எடுத்தார். சொல்ல வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கை மெஷினுக்குக் கிட்டே வந்ததும், போடும் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

"கைய எடு."

முடியாதென்று தலையை ஆட்டினேன்.

"பைத்தியமா உனக்கு? எடுன்னா!"

"பொட்டுப் பொடி உள்ள போயி மெஷினே கீறுது, முதலாளி. போட்டா இதுவும் போயிடும்."

"சாமிக்கு வச்ச பொட்டா கெடுக்கும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. தலைத்துணி அணிந்த மலாய்க்கார அம்மா, கையில் கோப்போடு. முதலாளி சிரித்துக்கொண்டே வரவேற்று, எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, இதோ எடுத்துத் தருகிறேன் என்று மலாயில் சொன்னார். அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பி, "கைய எடு, தங்கமணி. இல்லன்னா நாளையிலேருந்து வராத" என்றார் தமிழில்.

கையை இன்னும் அழுத்தி வைத்தேன். எடுக்கவில்லை.

"ஜாங்ஙான், புவான்" என்றேன் அதிகாரியிடம். "நந்தி ரோசாக்." போட வேண்டாம் அம்மா, கெட்டுவிடும். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அவர் காகித பில்களைக் கேட்டார். முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. அதிகாரி ஒரு டிஸ்கெட்டை எடுத்துத் திருப்பிக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா, "சாயா புன்யா சாலா, புவான்" என்று அழுதார். என் தப்பு.

அதிகாரி ஒரு வாரம் தவணை தந்தார். வேறு மெஷினில் எடுத்து எல்லாவற்றையும் காகிதத்தில் காட்ட வேண்டும். கெட்டுப்போனதையும் எறியாமல் கொண்டுவர வேண்டும்.

அன்று மத்தியானமே பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலாயுதம் அண்ணனிடம் போனோம். "என்ன பாஸ், டிஸ்கெட்டுக்குக் கல்யாணமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு டிஸ்கெட்டின் கூட்டையும் பிளந்து, வட்டைச் சுத்தம் செய்து, புதுக் கூட்டில் வைத்து மெஷினில் போட்டார். மற்றவை எல்லாம் திறந்தன. கீறிய இரண்டும் திறக்கவே இல்லை.

"அதுல என்ன இருந்துச்சு?" என்றார் முதலாளி.

"பழைய இஞ்சின் வாங்குன பில்லு."

"கடை போயிடுமா?" அக்கா கேட்டார்.

"நம்ம வேனை வித்து அதுக்கு வரியக் கட்டிடலாம். கடை நிக்கும்." முதலாளி பிரிண்டரிலிருந்து வந்த தாள்களை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார். "நீ தடுத்தியே, அந்த மூணாவதுல என்ன?"

"இந்த வருசத்து டயர் பில்லு பூராவும்."

தாளை அடுக்கிய கை நின்றது.

"அந்தம்மா ஆபீசுக்கு நீயும் வரணும். என்ன நடந்துச்சுன்னு நீதான் சொல்லணும். நான் சொன்னா நம்பாது."

முன்பின் தெரியாத அலுவலகம், மேசைக்கு மேசை ஆட்கள், எல்லார் கண்ணும் என்மேல். வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தலை மட்டும்தான் சரியென்று ஆடியது.