டவர் எட்டாத மலையில்

இசக்கிச்செல்வி செய்த ஆஸிலேட்டர் தீப்பெட்டியளவு பித்தளைப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே ஒரு சில்லு. அதன் மேல், தலைமுடியைப் பல்லாயிரம் பங்காகப் பிளந்தது போன்ற கார்பன் நானோகுழாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றில் ஓடும் மின்சாரம் நொடிக்கு நூற்று எண்பது கோடி முறை தானாகவே ஏறி இறங்கும். இதுதான் அவள் நான்கு வருட உழைப்பு. பெங்களூருக்குப் போய்ச் செய்துகொண்டுவந்த சில்லுகளில் பெரும்பாலானவை பெட்டியில் பொருத்தும்போதே செத்துப்போயின. பிழைத்தது இது ஒன்றுதான்.

பாளையங்கோட்டைக் கல்லூரியின் இயற்பியல் துறையில், கணினித் திரை வழியாக ஆய்வுக்குழு கூடியது. வெளியூர் நிபுணர் ஒருவர் அவள் காட்டிய வரைபடத்தில் ஊசிபோல் எழுந்து நின்ற முனையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த முனை உங்கள் கருவியிலிருந்துதான் வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? செல்போன் டவர்களும் இதே அலைவரிசைதானே?"

"பவரை நிறுத்தினால் முனை மறைந்துவிடுகிறது சார்."

"மறையத்தான் செய்யும். டவர் சமிக்ஞையை உங்கள் சில்லு பெருக்கிக் காட்டியிருந்தாலும் பவரை நிறுத்தினால் மறைந்துதானே போகும்?"

அவளுக்குக் காது சூடேறியது. கேள்வி நியாயமானது. அதுதான் அதிகமாக வலித்தது. வண்ணார்பேட்டையிலிருந்து கல்லூரி வாசல் வரை எங்கு திரும்பினாலும் டவர். அந்த டவர் அலைகளின் கூட்டத்தில் அவளுடைய மெல்லிய சமிக்ஞையைத் தனியாகப் பிரித்துக் காட்ட வழியில்லை. வெளி அலை எதுவும் நுழையாத சோதனை அறை சென்னையில் இருந்தது. அடுத்த வருடம்தான் இடம் கிடைக்கும் என்றார்கள்.

"அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம். என்ன செய்ய முடியும் செல்வி?" என்றார் துறைத்தலைவர் பியூலா.

"மேடம், டவரே எட்டாத இடம் எனக்குத் தெரியும். மணிமுத்தாறு அணைக்கு மேல, மலை ரோட்ல ஒரு மடிப்பு. எங்கம்மா தேயிலை பறிக்கப் போன காலத்துல அங்க வந்ததும் எல்லா போனும் செத்துரும்."

"இருக்கதே ஒன்னு. அதை மலைக்குத் தூக்கிட்டுப் போகவா?"

"இங்கயே வச்சிருந்தா அது என்னோடதுன்னு யாரு மேடம் நம்புவா?"

"சரி, முதல்ல வனத்துறையில கேப்போம்" என்றார் பியூலா. பிறகு கார் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வனத்துறையில் அனுமதி வாங்கி, எந்த அலைவரிசையில் எவ்வளவு சமிக்ஞை என்று திரையில் காட்டும், பேட்டரியில் ஓடும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றை இரவல் பெற்று, ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். அடிவாரத்தில் அம்மா சுடலைவடிவும் ஏறிக்கொண்டாள்.

"ஏட்டி, இந்தப் பெட்டி என்னதான் செய்யுது?"

"கோயில் கொடைத் திருவிழால மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா கூவும்லா? போன சத்தமே திரும்பி வந்து, அதுவா பெருகிக் கூவுது. இதும் அப்படித்தாம்மா. ஆனா காதுக்குக் கேக்காது."

"கேக்காத கூவலுக்கா இம்புட்டு தூரம்?" என்று அம்மா சிரித்தாள். பியூலாவும் சிரித்துவிட்டார்.

மலை மடிப்பில் காரை நிறுத்தினார்கள். மூன்று பேர் போனிலும் ஒரு கோடுகூட இல்லை. அனலைசரைத் திறந்தபோது திரையின் அடியில் வெறும் இரைச்சல் மட்டும், புல் முளைத்தது போன்ற சன்னமான வரியாக ஓடியது. அவ்வளவு சுத்தமான திரையை இசக்கிச்செல்வி அதுவரை பார்த்ததில்லை. பெட்டியை இணைத்துப் பவரைக் கொடுத்தாள்.

ஒன்றும் எழவில்லை.

கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். மறுபடியும் வெறும் புல்வரி. நான்கு வருடமாக டவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா?

"அவரு சொன்னதுதான் சரி போல மேடம்."

பியூலா அவள் தோளைப் பற்றிக்கொண்டார். மேலிருந்து மேகம் இறங்கி ரோட்டை மூடியது. அனலைசர் திரை மங்கிப் போக, இசக்கிச்செல்வி துப்பட்டாவால் அதைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடி உடனே மறுபடியும் பூத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மேடம், ஈரம்! பெட்டிக்குள்ள சில்லு மேல எந்தப் பூச்சும் இல்ல. குழாய் மேல ஈரம் ஒட்டினா கரண்ட் ஓட்டமே மாறிரும்."

"வோல்டேஜை ஏத்திப் பாக்கலாமா?"

"வேண்டாம், கருகிரும். காய வைக்கணும்."

மலையேறி வந்த காரின் பானட் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பித்தளைப் பெட்டியின் மூடியைத் திறந்து அதன் மேல் வைத்தாள். சுடலைவடிவு குடையை விரித்துச் சாரலை மறைத்தாள். பியூலா மறுபக்கம் தன் சேலை முந்தானையை விரித்துப் பிடித்தார். பெட்டி தொடமுடியாதபடி சூடானதும் துப்பட்டாவால் பிடித்து மூடியைப் போட்டு, அங்கேயே வைத்துப் பவரை மெல்லக் கூட்டினாள்.

திரையின் நடுவே ஓர் ஒற்றை முனை விருட்டென்று எழுந்தது.

இடமும் வலமும் வேறு எதுவும் இல்லை. அவள் வோல்டேஜைச் சற்றுக் குறைத்தாள்; முனை இடப்பக்கம் நகர்ந்தது. கூட்டினாள், வலப்பக்கம் வந்தது. அவள் விரல் போன பக்கமெல்லாம் அது கூடவே போனது.

"ஸ்தோத்திரம்!" என்று பியூலா கத்தினார். மலை அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

இசக்கிச்செல்வி அழவில்லை. நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. அணையும் அதற்கு அப்பால் வயல்களும் மேகத்துக்குள் மறைந்திருந்த அந்தப் பக்கமாகப் பார்த்து நின்றாள். இந்த மலையில் முதுகில் கூடையோடு ஏறியவளின் மகள் செய்த பொருள் இது. எந்த டவரும் இதற்கு உயிர் கொடுக்கவில்லை.

"வந்துட்டாட்டி?" என்றாள் அம்மா, குடையை மடக்காமலே.

"வந்துட்டும்மா. என்னோடதுதான்."

அடுத்த வாரம் குழு மறுபடியும் கூடி, மலையில் எடுத்த பதிவுகளைப் பார்த்தது. நிபுணர் முனை நகர்வதை மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

"என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "எங்கள் கருவிகளையும் அங்கே கொண்டுவந்து சோதிக்கலாமா? வழிகாட்டுவீர்களா?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்க சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். சுடலைவடிவு முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தனை பேரு வாராவ?" என்றாள்.

"நாலு பேரு இருக்கும்."

"மதியச் சோறு நம்ம வீட்லன்னு சொல்லிரு. இசக்கிச்செல்வி வீடு எங்கனன்னு மணிமுத்தாத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ. ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன்."