ஆறு பேருக்கு ஒரே அட்டை

கிரேன்காரனுக்குக் காப்பீட்டு அட்டை வந்த அன்று அந்த வீட்டில் நடந்த கூத்தைப் பார்த்தவர்கள், அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள். இரண்டு அறை, ஒரு குளியலறை, ஆறு ஆண்கள். கட்டட வேலைக்காகக் கடல் தாண்டி வந்த அந்த ஆறு பேரில், கம்பெனியின் நேரடி ஆள் இவன் ஒருவன்தான். மற்ற ஐவரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுக்கும் காப்பீடு வரும், வரும் என்று அந்த மகராசன் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை நோய் வராமல் பார்த்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.

அட்டை வந்ததும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. பெயிண்டருக்கு உடனே மூளை வேலை செய்தது.

"எப்படியும் போகத்தான் போற. என் இருமலையும் உனக்குன்னு சொல்லி மருந்து வாங்கிட்டு வந்துடேன். இருமல்ல பேரா எழுதியிருக்கு?"

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இதைத்தான் சொல்வார்கள். எலக்ட்ரீஷியன் நெஞ்செரிச்சலைக் கொடுத்தான். வெல்டர் கண்ணெரிச்சல். பிளம்பர் முழங்கால். பொய்த் தகவல் தந்தால் அட்டை ரத்து என்று அதன் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அட்டை போனால் வேலை அனுமதியும் புதுப்பிக்கப்படாது, ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். கிரேன்காரன் இதைப் படித்தும் காட்டினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவனுக்கும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரே சட்டியில் சோறு தின்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஐந்தாவது ஆள் அவனுடைய சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவர். காலில் சுத்தியல் விழுந்தாலும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் ரகம். காலையில் இவன் செருப்பை மாட்டும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாடி ஏறினா இடது கை மரத்துப் போவுது. நெஞ்சை அடைக்குது. வாயுதான். ஞாபகம் இருந்தா கேளு, இல்லாட்டி விடு."

டாக்டர் அம்மா மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்தார். தெரிந்த அரைகுறைப் பாஷையில் கிரேன்காரன் நோய்களை ஒப்பித்தான். எந்த முழங்கால் என்று அவர் கேட்டபோது வலதைக் காட்டினான், அமுக்கிப் பார்த்தபோது இடதைப் பிடித்துக்கொண்டு முனகினான். இருமல் எத்தனை நாளாக? சளியோடா, வறட்டு இருமலா? இவனுக்கு என்ன தெரியும்? "பாத்ரூம்" என்று சொல்லி வெளியே ஓடிப் பெயிண்டருக்குப் போன் போட்டான். அடுத்து எலக்ட்ரீஷியனுக்கு ஓர் ஓட்டம். மூன்றாவது முறை எழுந்தபோது டாக்டர் அம்மா அவனைக் கவலையோடு பார்த்து, சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் சேர்த்து எழுதினார்.

இந்த வேகத்தில் கடைசியாகச் சித்தப்பாவின் கையையும் இறக்கி வைத்தான். டாக்டர் அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை இருந்த பொறுமையான முகம் போய்விட்டது. அவனைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, வந்த காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார். கோடு ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்த அறிகுறியோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது, இப்போதே சேர்ந்துவிடு என்றார். படி ஏறக் கூடாது, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

சித்தப்பா வேலை பார்க்கும் கட்டடத்தில் இன்னும் லிப்ட் மாட்டவில்லை. இந்த நேரத்துக்கு மனுஷன் டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருப்பார். சொன்னால் அட்டை போகும். சொல்லாவிட்டால் சித்தப்பா போவார். கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் கேவலம், கிரேன்காரன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"இது எனக்கு இல்ல" என்றான். "எதுவுமே எனக்கு இல்ல."

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஆள் இப்போது எங்கே என்பதுதான். முகவரியை வாங்கி ஆம்புலன்ஸுக்குச் சொன்ன பிறகு மற்றதைச் சொன்னார். அவசரம் என்றால் அட்டை இல்லாமலும் பார்ப்பார்கள். ஆனால் நீ பொய் சொன்னதை நான் எழுதியே ஆக வேண்டும், கம்பெனி கேட்கும். கிரேன்காரன் தலையாட்டினான்.

ஆம்புலன்ஸ் வருகிறது என்று கிரேன்காரன் போனில் சொன்னதும் சித்தப்பா, "வண்டியெல்லாம் எதுக்குடா? எனக்கு அட்டை இல்லையே" என்று ஆரம்பித்தார்.

"பெட்டியை இறக்கி வச்சுட்டு அங்கேயே உக்காருங்க. வாயத் திறக்காதீங்க." அப்பாவின் தம்பியிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. மறுமுனையில் பெட்டி தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

அவசரப் பிரிவில் அவரைப் படுக்க வைத்து, ஊசி போட்டு, இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். நேரத்தோடு வந்தீர்கள், நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்றார்கள். டாக்டர் அம்மாவே இறங்கி வந்து, புதுத் தாளில் இந்த முறை சரியான பெயரைப் போட்டு, வேறு என்ன தொந்தரவு என்று கேட்டார். கிரேன்காரன் அதைத் தமிழில் கேட்டான். "ஒண்ணுமில்ல" வரும் என்று காத்திருந்தான்.

சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

"முட்டி வலி இருக்கு. நாலு வருஷமா. இடுப்புப் பிடிப்பு. வலது காது சரியாக் கேக்காது, டைல்ஸ் அறுக்குற மெஷின் சத்தம்."

ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. வாழ்நாள் பூராவும் சேர்த்து வைத்ததை மனுஷன் ஒரே மூச்சில் கொட்டினார். கிரேன்காரன் ஒன்றையும் விடாமல் அந்தப் பாஷையில் சொன்னான். டாக்டர் அம்மா இரண்டாவது தாளை எடுத்தார்.

"அப்புறம்" என்று நிறுத்தினார் சித்தப்பா. "ரெண்டு மாசமா பயமா இருந்துச்சுடா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

கிரேன்காரன் அதையும் மொழிபெயர்த்தான். டாக்டர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.